தளிகையும் படியும்: திருப்பதி – சித்தூர் வட்டாரத்தில் கைமாறிய வழக்கங்களும் அவற்றின் சொற்களும்

ஒரு சமுதாயம் அண்டைச் சமுதாயத்தின் அன்றாட வழக்கம் ஒன்றை ஏற்கும்போது அவ்வழக்கத்தின் பெயரும் உடன் வருகின்றதா என்பது மொழியியலாருக்குப் பழகிய வினா. சில வேளைகளில் பெயர் அப்படியே வந்து சேர்கின்றது. சில வேளைகளில் மொழிபெயர்ந்து வருகின்றது. வேறு சில வேளைகளில் வழக்கம் மட்டும் வந்து பழைய உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சூடிக்கொள்கின்றது. கடன்பேறு பற்றிய நூல்கள் இம்மூன்று நிலைகளையும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கும். ஆயின் நான்காவது நிலை ஒன்றுண்டு. வழக்கமும் பெயரும் இரு மொழியாருக்கும் பொதுவாகிவிட்டபின், ஒரே சொல் இரு மொழிகளிலும் வெவ்வேறு திசையில் பொருள் நகர்ந்துவிடுகின்றது. மொழிபெயர்ப்பாளன் மிகுதியும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். அயற்சொல்லைக் கண்டால் அவன் அகராதியைப் புரட்டுகின்றான்; தன் சொல் போலவே தோன்றும் சொல்லைக் கண்டால் புரட்டுவதில்லை.

இந்நிலையைக் காண்பதற்குத் திருப்பதி – சித்தூர் வட்டாரத்தினும் ஏற்ற களம் அரிது. இக்கட்டுரை அவ்வட்டாரத்து உணவு, படையல், மாதக்கணக்கு, பெயரிடுதல் ஆகிய சில வழக்கங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்தக் கை வழியாக எந்தக் கைக்குச் சென்றன என்பதை ஆராய முற்படுகின்றது. வழிபாட்டின் சமய உட்பொருள் இங்கு ஆராயப்படவில்லை.

எல்லை பற்றி ஒரு சொல்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பதை அனைவரும் அறிவர். பிரித்தானியர் ஆட்சியில் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே இருந்தது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தை ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்தினர். படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இவ்வரலாற்றை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. எல்லைப் பூசல் நடந்த காலத்தில் கல்வெட்டுகளும் சொற்களும் நிலப் பட்டயங்களைப்போல் எடுத்தாளப்பட்டன. திருமலைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் உள்ளமையால் திருமலை தமிழருடையது என்றனர் ஒரு சாரார். விசயநகரக் காலக் கொடையாளருட் பலர் தெலுங்கர் என்பதையும், மலையின்மீது முழங்கிய கீர்த்தனைகள் தெலுங்கு என்பதையும் காட்டி மறுத்தனர் மற்றொரு சாரார். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு கல்வெட்டின் மொழி யாருடைய மொழி என்னும் அடிப்படை வினாவை இரு சாராரும் போதிய அளவு எழுப்பவில்லை என்றே தோன்றுகின்றது.

கல்லில் தமிழ், செப்பேட்டில் தெலுங்கு

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விசயராகவாசாரியர் ஆகியோரைக் கொண்டு வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள் இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்று. ஆயிரத்திற்கும் மேற்பட்ட இக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கும் கன்னடமும் சிறுபான்மை. பல்லவ அரசியான சமவையின் கொடை முதலாகச் சதாசிவராயர் காலம் வரை இந்நிலை மாறவில்லை. அரசன் கன்னடம் அறிந்தவனாயினும், கொடையாளன் தெலுங்கனாயினும் கல்வெட்டு தமிழிலேயே வெட்டப்பட்டது. 1513 முதல் 1521 வரை ஏழு முறை மலைக்கு வந்த கிருஷ்ணதேவராயரின் கொடைகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டன. அவற்றுடன் தமிழிலும் பொறிக்கப்பட்டன.

இதற்குரிய காரணத்தைக் கல்வெட்டுகளின் இறுதிப் பகுதியே காட்டிக்கொடுக்கின்றது. கோயிற்கணக்கு எழுதுபவராகத் திருநின்றவூருடையான் என்னும் பட்டப்பெயருடையோர் மீண்டும் மீண்டும் கையொப்பமிடுகின்றனர். திருநின்றவூர் இன்றைய சென்னைக்கு அருகிலுள்ள ஊர். ஊர்ப்பெயரைப் பட்டமாகத் தாங்கிய கணக்கர் மரபொன்று தலைமுறை தலைமுறையாக அப்பதவியை வகித்தது. ஆகவே கல்வெட்டின் தமிழ் கொடையாளனின் தாய்மொழியும் அன்று. மலையடிவாரத்து மக்களின் பேச்சுமொழிக்கு நேரான சான்றும் அன்று. அது கணக்கு அலுவலகத்தின் மொழி. அலுவலகம் எந்த மொழியில் இயங்கிற்றோ அந்த மொழியில் கொடை பதிவாயிற்று. இன்றைய பத்திரப் பதிவிலும் இதே இயல்பைக் காணலாம்.

இதை ஐயமற நிறுவுவது தாள்ளப்பாக்கக் குடும்பம். அன்னமாசாரியர் (1408–1503) தெலுங்கில் பாடினார். அவர்தம் மகனும் பெயரனும் அவ்வாறே பாடினர். அப்பாடல்கள் செப்பேடுகளில் தெலுங்கு எழுத்தில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைக்கப்பட்டன. அதே குடும்பத்தார் கோயிலுக்குப் பணமும் ஊரும் கொடுத்தபோது அக்கொடை தமிழ்க் கல்வெட்டாயிற்று. அன்னமய்யா அங்கே அன்னமய்யங்கார் ஆகின்றார். பெத்த திருமலாசாரியர் திருமலை அய்யங்கார் ஆகின்றார். ஒரே குடும்பம், பாட்டுக்கு ஒரு மொழி, கணக்குக்கு மற்றொரு மொழி. இதனை இருமொழியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாகாது. எச்செயலுக்கு எம்மொழி என்னும் பங்கீடு அங்கே ஒழுங்குற அமைந்திருந்தது. அன்னமாசாரியரை அய்யங்கார் என எழுதியதில் அபகரிப்பு எதுவும் இல்லை. வைணவம் ஏற்ற ஆசாரியக் குடும்பத்தினரைத் தமிழ்க் கணக்கர் எவ்வாறு மதிப்புடன் எழுதுவரோ அவ்வாறு எழுதினர்.

படி, திட்டம், விழுக்காடு

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாளுவ நரசிம்மன் காலம் தொட்டு, திருமலைக் கொடைகளின் தன்மை மாறுகின்றது. முன்னைய கொடைகளில் விளக்கும் திருப்போனகமும் மிகுதி. பின்னைய கொடைகளில் பணியார வகைகள் பெருகுகின்றன. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி, இட்டலிப்படி, மனோகரப்படி, கோதிப்படி எனப் பெயர்கள் நீள்கின்றன. இவற்றுள் கோதி என்பது கோதுமைக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர். விசயநகர அரசின் தொடர்பால் வந்த பண்டம் தன் பெயருடனேயே தமிழ்க் கணக்கில் ஏறியது போலும்.

இங்குப் படி என்னும் சொல் கவனிக்கத்தக்கது. இன்றைய தமிழ் வாசகன் இதனை முகத்தலளவையாகவே கொள்வான். அதிரசப்படி என்றால் ஒரு படி அதிரசம் என்று பொருள் கொள்வான். அது பிழை. கல்வெட்டில் படி என்பது இன்ன இன்ன பொருள் இவ்வளவு இவ்வளவு இட்டு ஒருமுறை செய்யப்படும் ஈடு. அரிசி இத்தனை, நெய் இத்தனை, சர்க்கரை இத்தனை, மிளகு இத்தனை எனக் கணக்கு தனித்தனியே கூறப்படும். அவ்வாறு செய்த ஓர் ஈட்டில் 51 பணியாரம் அமையும். இன்றும் திருமலை மடைப்பள்ளியில் ஒரு படி எனில் 51 என்பதே கணக்கு. அம்மடைப்பள்ளியைப் போட்டு என்பர். பணியாரங்கள் செய்யும் பகுதி படிப்போட்டு எனப்படும். அங்கே பேசப்படுவது தெலுங்கு. பேசுவோர் தம் சொல்லாகவே அதைப் பேசுகின்றனர்.

படித்தரம், திட்டம் என்னும் சொற்களும் இவ்வாறே. கோயிலின் அன்றாடச் செலவுக்குரிய பொருள் ஒதுக்கீட்டைப் படித்தரம் என்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் பழைய வழக்கு. திருமலையில் லட்டுக்குரிய மூலப்பொருள் அளவைப் ‘படித்தர திட்டம்’ என்பர். 1950இல் வரையறுக்கப்பட்ட இத்திட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டுத் திட்டப்படி 5,100 லட்டுக்கு 803 கிலோ பொருள் தேவை. 5,100 என்னும் எண்ணை ஓர் ஆய்வாளன் எளிதிற் கடந்து போகலாகாது. அது நூறு படி. பதினாறாம் நூற்றாண்டுக் கணக்கனின் 51 இன்றைய பேரளவு உற்பத்தியின் அலகுக்குள்ளும் மறைந்து வாழ்கின்றது. லட்டு என்னும் பண்டமும் பெயரும் வடக்கிலிருந்து பிற்காலத்தில் வந்தவை. அதைச் செய்யும் கணக்கு மட்டும் பழையது. புதிய வழக்கம் வரும்போது அதனை அளக்கும் முறை பழையதாகவே நிற்பதற்கு இதனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திட்டம் என்னும் சொல்லோ தமிழில் வேறு வழி சென்றது. ஐந்தாண்டுத் திட்டம் வந்தபின் அச்சொல்லின் பழைய பொருளாகிய ‘அளவு வரையறை’ பொதுவழக்கில் மங்கிவிட்டது. ‘திட்டமாகச் சொல்’ என்பது போன்ற தொடர்களில் மட்டும் எஞ்சியது. திருமலைத் தெலுங்கில் அப்பழைய பொருள் சிதையாமல் உள்ளது. தேவஸ்தான அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் ஒருவர் ‘லட்டுத் திட்டம் திருத்தப்பட்டது’ என எழுதினால், அரசு ஏதோ நலத்திட்டம் கொண்டுவந்ததாக வாசகர் எண்ணக்கூடும். ‘லட்டுக்குரிய பொருளளவு திருத்தப்பட்டது’ என்றே எழுதுதல் வேண்டும்.

விழுக்காடு இதனினும் இடர் மிகுந்தது. கொடையாளனுக்குப் படையலில் நான்கிலொரு பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது. கல்வெட்டுகள் அதனை விட்டவன் விழுக்காடு என்னும். விட்டவன் என்பான் கொடையை விட்டவன்; விழுக்காடு என்பது அவனுக்கு விழும் பங்கு. ஒரு படியில் அவனுக்குரியவை 13 பணியாரம். தற்காலத் தமிழில் விழுக்காடு நூற்றுக்கூறு என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. ஆட்சித்தமிழும் செய்தித்தாள்களும் அதனை உறுதிப்படுத்தின. இப்பொருளை மனத்திற்கொண்டு கல்வெட்டைப் படிப்பவர் நூற்றுக்கு எத்தனை என்று தேடுவார். கல்வெட்டில் நூறு எங்கும் இல்லை.

விட்டவன் விழுக்காடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. இப்பங்கைக் கொடையாளர் பிறருக்கு மாற்றித் தரவும் விற்கவும் முடிந்தது. அதனால் திருமலைப் பணியாரம் கைமாறும் பண்டமாயிற்று. திருமலைக் கோயிலின் பொருளியற் பணியைப் பற்றி பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை, கொடைப்பணம் ஏரி, கால்வாய்களில் முதலீடாகி, அதன் விளைச்சல் படையலாகத் திரும்பியதை விளக்குகின்றது. அத்துடன் மற்றொன்றையும் சேர்த்துக் கருதலாம். சோறு அன்றே உண்ணப்படுவது; அதிரசமும் வடையும் சில நாள் கெடாதவை; மூட்டையிற் கட்டி ஊருக்கு எடுத்துச் செல்லத்தக்கவை. நெடுந்தொலைவிலிருந்து வரும் யாத்திரிகர் பெருகிய காலத்தில் பணியாரப் படிகளும் பெருகியது தற்செயலாகாது. ஒரு வட்டாரத்தின் சமையல் வேறு வட்டாரங்களுக்குப் பரவியதில் இவ்யாத்திரை மூட்டைகளுக்குப் பங்குண்டு என்பது என் கருத்து. சாளுவ நரசிம்மன் நிறுவிய இராமானுச கூடங்களும், கந்தாடை இராமானுச அய்யங்கார் பொறுப்பில் அங்கு நடந்த உணவளிப்பும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கவை. பல நாட்டார் ஓரிடத்தில் ஒரே உணவை உண்ட இடம் அது.

வீட்டுக்கு வந்த தளிகை

கோயிற் சமையலறையின் சொல் குடியானவன் வீட்டுக்கு வந்த வரலாறு தளிகை. இச்சொல்லை வடமொழி ‘ஸ்தாலி’யுடன் தொடர்புறுத்துவர். முதற்பொருள் தட்டு அல்லது உண்கலம். தமிழ் வைணவர் வழக்கில் அது கலத்தை விட்டுக் கலத்திலுள்ள உணவுக்கு ஆகி, பின்னர்ச் சமையல் என்னும் தொழிலுக்கும் ஆயிற்று. வைணவ அந்தணர் இல்லங்களில் ‘தளிகை ஆயிற்றா’ எனக் கேட்பது நாள்தோறும் நிகழ்வது.

ஆனால் வட தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் சித்தூர் வட்டாரத்திலும் தளிகை என்றால் பலருக்கு நினைவு வருவது புரட்டாசிச் சனிக்கிழமை. அன்று வீடு மெழுகி, சுவரிலோ படத்திலோ நாமம் இட்டு, சிறுவர் நெற்றியிலும் நாமம் தரித்து, நாமமிட்ட செம்பை ஏந்தித் தெருவில் கோவிந்தன் பெயரைக் கூவி அரிசி வாங்கி வருவர். அவ்வரிசியையும் சேர்த்துச் சமைப்பர். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடை, சுண்டல் ஆகியன வாழையிலையில் இடப்படும். சில வீடுகளில் அவற்றையே பெருமாளின் முகம் போல அடுக்குவர். மாவிளக்கு ஏற்றுவர். இதற்குத் ‘தளிகை போடுதல்’ என்று பெயர். இதனைச் செய்வோருள் தமிழ் பேசும் வன்னியரும் முதலியாரும் உண்டு. தெலுங்கு பேசும் நாயுடுவும் ரெட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் குடியேறி வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோரும் உண்டு. சித்தூர்த் தெலுங்கில் இதே படையலைத் ‘தளிக’ என்பர், பன்மையில் ‘தளிகலு’.

இவ்வழக்கம் தமிழரிடமிருந்து தெலுங்கருக்குச் சென்றதா, தெலுங்கரிடமிருந்து தமிழருக்கு வந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடுவதில் பயன் குறைவு. இரு மொழியாரும் இதனை மலைக்கோயிலின் மடைப்பள்ளியிலிருந்து எடுத்தனர் என்பதே சொல்லின் வடிவம் காட்டுவது. தெலுங்கில் தட்டுக்குத் தளிய, பள்ளெம் என்னும் சொற்கள் உள்ளன. படையலுக்கு நைவேத்யம் உள்ளது. இருந்தும் சித்தூர் வீட்டார் தளிக என்று சொல்வதற்குக் காரணம், வழக்கத்தின் மாதிரி கோயிலாக இருந்தமையே. வைணவரல்லாதார் தம் வீட்டுச் சமையலை மற்ற நாள்களில் தளிகை என்பதில்லை. ஆண்டில் ஒரு சனிக்கிழமை, வீடே கோயிலாகும் நாளில், சோறு தளிகையாகின்றது. சொல் வந்தது; ஆயினும் தன் நாளை விட்டு அப்பால் நகரவில்லை.

அதே வீட்டில் மஞ்சள் தோய்ந்த துணியில் காசு முடிந்து பூசையிடத்தில் வைத்திருப்பர். தமிழர் இதனை முடிப்பு என்பர். தெலுங்கர் ‘முடுபு’ என்பர். இனச்சொற்கள், கடன் எதுவும் இல்லை. ஆனால் தற்காலத் தெலுங்குச் செய்தித்தாள்களில் ‘முடுபுலு’ என்பது கையூட்டைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகின்றது. நேர்ந்துகொண்ட காசும் கையூட்டுக் காசும் ஒரே சொல்லில் அடங்கியதில் மக்களின் எள்ளல் இல்லாமற் போகாது. தெலுங்குச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்ப்பவர் எந்த முடுபு என்று பார்த்தே பேனாவை எடுத்தல் நலம். நாமினி சுப்பிரமணியம் நாயுடு முதலியோரின் கதைகளில் சித்தூர்ச் சிற்றூர்ப் பேச்சு அச்சேறியபின் இத்தகைய சொற்கள் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வருவது மிகுந்துள்ளது. அப்பேச்சை நல்ல தெலுங்கன்று எனத் தள்ளிய காலமும் இருந்தது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண்மைத் தொழிற்சொற்களை வட்டார வாரியாகத் தொகுத்து வெளியிட்டபோதுதான் வட்டாரச் சொல்லுக்கு ஆய்வுத்தகுதி கிடைத்தது. அத்தொகுப்பு உழவனின் சொல்லைக் காத்தது. படையலின் சொல்லையும் அடுக்களையின் சொல்லையும் காக்க அதுபோன்ற முயற்சி தேவைப்படுகின்றது. 1997இல் குப்பத்தில் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் அதற்குத் தக்க இடத்தில் அமைந்துள்ளது.

ஒரே வீட்டில் இரண்டு நாட்காட்டி

தெலுங்கர் மாதம் சந்திரனைக் கொண்டது. தமிழர் மாதம் சூரியனைக் கொண்டது. தெலுங்கர் ஆண்டு உகாதியன்று தொடங்கும். இஃது எல்லாரும் அறிந்த வேறுபாடு. சித்தூர்த் தெலுங்கு வீட்டில் இவ்வேறுபாடு ஓரளவு கரைந்துவிடுகின்றது. உகாதிக்கு வேப்பம்பூப் பச்சடி செய்யும் வீடு, ‘பெரடாசி’ மாதத்துச் சனிக்கிழமைகளில் நோன்பிருந்து தளிக இடுகின்றது. பெரடாசி என்பது புரட்டாசி. தெலுங்கு மாதங்களுள் அத்தகைய பெயர் எதுவும் இல்லை. பாத்ரபதமோ ஆச்வயுஜமோ அதனுடன் முற்றும் பொருந்துவதும் இல்லை. ஆகவே இங்குக் கடனாகப் பெற்றது ஒரு சொல் அன்று. ஆண்டை வேறொரு வகையில் கூறிடும் முறை. ஆயினும் அம்முறை முழுவதையும் பெறவில்லை. வழிபாட்டுக்கு வேண்டிய மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஆடிக்கிருத்திகையும் அவ்வாறே. திருத்தணி முருகனுக்குக் காவடி எடுக்கும் அந்நாளைச் சித்தூர்த் தெலுங்கர் ‘ஆடி கிருத்திக’ என்றே கூறுவர், காவடியும் காவடியே. 1960இல் திருத்தணி மாநிலம் மாறியது, காவடி மாறவில்லை. இதற்கு நேர்மாறாக, தமிழ்நாட்டில் வாழும் தெலுங்கு வழியினர் வீட்டில் தெலுங்கு பேசுவதை விட்டபின்னும் உகாதியை விடவில்லை. மொழி போனபின்னும் பண்டிகை நிற்கும். பண்டிகை புதிதாக வந்தால் மாதப்பெயரும் கூடவே வரும்.

கோயிலிலும் இரு கணக்கும் உண்டு. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகின்றது. ஆனால் மாதத்தின் பெயர் அறிவிப்புகளில் தனுர்மாசம். இங்கே வழக்கம் தமிழ், பெயர் வடமொழி. தெலுங்கு அறிவிப்பில் ‘சாத்துமொர’ என வருவது சாத்துமுறை. ‘படிகாவலி’ என்பது வாயிற்காவல் நின்ற படிகாவல். ‘தோமால’ என்னும் மலர்ச்சேவையின் பெயரைத் தோள்மாலை என்பாரும் தொடுத்த மாலை என்பாரும் உளர். இவற்றைத் தமிழாக்குவோர் இரு வழிகளில் தவறுகின்றனர். ஒருவர் தெலுங்கு வடிவத்தையே தமிழெழுத்தில் பெயர்த்துவிட்டுத் தமிழ்ச்சொல் தமிழுக்கே அயலாகும் விந்தையைச் செய்கின்றார். மற்றவர் பழந்தமிழ் வடிவத்தை மீட்டு எழுதி, தெலுங்கர் ஐந்நூறாண்டாக வழங்கி உரிமையாக்கிய சொல்லைத் திருட்டுப் பொருள்போல் மீட்டுவிட்டதாக மகிழ்கின்றார். சாத்துமுறை போலத் தமிழில் இன்றும் வாழும் சொல்லைத் தமிழ் வடிவிலும், தோமாலை போல அவ்விடத்துக்கே உரிய சொல்லை அவ்விடத்து வடிவிலும் எழுதுவதே நேர்மையான நடுவழி.

பெயரிடுதல்

பெயர்கள் பயணம் செய்வதற்குச் சுமை குறைவு. அலர்மேல்மங்கை தமிழில் அலமேலு ஆயிற்று. தெலுங்கில் அலமேலுமங்க ஆகி, அலிவேலு எனவும் திரிந்தது. தெலுங்கர் அதன் பிற்பகுதியைப் பிரித்து மங்க, மங்கம்மா எனத் தனிப்பெயர் ஆக்கினர். மங்கதாயாரு என்னும் பெயரில் தாயார் என்னும் தமிழ் வைணவச் சொல் தெலுங்கு ஈற்றுடன் நிற்கின்றது. கோதாவரிக் கரையில் அப்பெயர் தாங்கிய பெண்ணுக்குத் தன் பெயரில் தமிழ் இருப்பது தெரிய வேண்டிய தேவையில்லை.

ஏழுமலை, ஏடுகொண்டலு ஆகிய ஆண்பெயர்கள் வேறு வகை. ஒலி ஒன்றும் பொதுவில்லை; பொருள் முற்றும் ஒன்று. எது மூலம், எது மொழிபெயர்ப்பு எனப் பெயர்களைக் கொண்டு கூற இயலாது. மூலம் இரண்டுமல்ல, மலையே எனலாம். பாலாஜி மூன்றாம் வகை. வடநாட்டார் வழங்கும் பெயர் அது. 1843இல் கும்பினியார் கோயில் நிருவாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தனர். 1933 வரை அவர்கள் அதனை நடத்தினர். வடக்கிலிருந்து வந்த யாத்திரிகரும் பெருகினர். இன்று பாலாஜி என்னும் பெயர் தமிழ் இளைஞரிடையே பரவலாக வழங்குவது. அதனை எவரும் இந்திப்பெயர் எனக் கருதுவதில்லை.

திருப்பதி நகரின் கங்கம்மா ஜாத்திரையில் வேடமிடும் பொறுப்பை உடைய கைகால என்னும் குடியினரும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவர். கைக்கோளர் என்னும் தமிழ் நெசவாளர் குடிப்பெயரின் தெலுங்கு வடிவம் அது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலில் இவ்விழாவின் வேடங்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கங்கம்மா வேங்கடவனுக்குத் தங்கை எனக் கருதப்படுவதால் மலையிலிருந்து அவளுக்குப் புடவையும் மஞ்சளும் ‘சாரெ’யாக வருகின்றன. தமிழில் அதனைச் சீர் என்று எழுதினால் போதும். வாசகர்க்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. பிறந்தகத்துச் சீர் என்னும் வழக்கம் இரு மொழியாருக்கும் ஒன்றே. படிக்கும் விழுக்காட்டுக்கும் வேண்டிய விளக்கம் இங்கு வேண்டாமைக்கு அதுவே காரணம்.

ஆண்டுதோறும் சூலைத் திங்களின் நடுவில், ஆனி முடிந்து ஆடி பிறக்கும் பொழுதில், திருமலையில் ‘ஆணிவார ஆஸ்தானம்’ நடைபெறுகின்றது. மகந்துகள் காலத்தில் கோயிலின் வரவுசெலவுக் கணக்கு அன்றுதான் தொடங்கிற்று. தேவஸ்தானம் அமைந்தபின் கணக்காண்டு மார்ச் – ஏப்ரலுக்கு மாறிவிட்டது. எனினும் அந்நாளில் கோயிற் சாவிக்கொத்தைப் பெருமாள் திருவடியில் வைத்து எடுக்கும் சடங்கு தொடர்கின்றது. தெலுங்கெழுத்தில் ஆனியின் னகரம் ணகரமாக நிற்கின்றது.